முழங்கால் தெரிய ஓடுகிறவர்கள்

1

ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, "வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி நீங்களும் ஏதாச்சும் எழுதுங்க காக்கா" என்று வயதுக்கு மரியாதை வைத்துப் போன் செய்து கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கல்யாணத்துக்கு முன்பே கப்பலுக்குப் போவது போல இங்கே வந்து சேர்ந்தவன். என் எழுத்தெல்லாம் சரக்குச் சீட்டு எழுத்து. ஆனாலும் ஒரு விஷயம் மனதில் கொதித்துக் கிடக்கிறது. அதை எழுதிவிடுகிறேன். ஒட்டகம், பேரீச்சை, வானத்தை முட்டும் கட்டடம் எல்லாவற்றையும் படித்தவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுதப்போவது ஓடுகிறவர்களைப் பற்றி.

திருடிவிட்டு ஓடுகிறவர்களைச் சொல்லவில்லை. விசா முடிந்து, வேலை கொடுத்த கபீலுக்குப் பயந்து ஓடுகிறவர்களையும் சொல்லவில்லை. அவர்களுக்காவது ஓட ஒரு காரணம் இருக்கிறது. சும்மா ஓடுகிறவர்களைச் சொல்கிறேன்.

எங்கள் அஜ்மானில் கடலை ஒட்டி ஒரு சாலை. கார்னிஷ் என்று பெயர். அதைப் பார்த்தபடி என் பகாலா. மளிகைக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வெயில் காலம் முழுக்க இந்தச் சாலையில் ஒரு மனிதன் நடக்கமாட்டான். நடப்பதென்ன, காரைவிட்டே இறங்கமாட்டான். கடைவாசலில் நிறுத்துவான், ஹாரன் அடிப்பான். நாம் ஓட வேண்டும். கண்ணாடி இறங்கும். "ஒரு தண்ணி." எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொடுத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கூலா இல்லையே?" என்பான். மறுபடி ஓட வேண்டும். ஒரு சூயிங்கத்துக்காக ஹாரனை விடாமல் அமுக்குகிற மகராசர்களும் உண்டு.

குளிர் தொடங்கியதும் இதே ஆட்கள், ஆமாம், இதே ஆட்கள்தான், காரின் நிறம் முதற்கொண்டு எனக்குத் தெரியும், விடியுமுன் வந்து கார்னிஷின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறார்கள். அந்தக் கோடியில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தொட்டுவிட்டு இந்தக் கோடிக்குத் திரும்பி ஓடுகிறார்கள். இந்தக் கோடியில் என்ன இருக்கிறது? அவர்களுடைய கார்.

அந்தக் காரை நிறுத்துகிற அழகையும் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கிங் கிடைக்காதா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் நடக்க வேண்டுமே!

கையில் ஒரு கடிகாரம். தனக்குக் களைப்பாக இருக்கிறதா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் பால்புட்டி அளவில் தண்ணீர். ஜெல் என்று ஒரு பசை. அதைப் பாக்கெட்டோடு வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். பிறகு உப்பு மாத்திரை. உப்புக் கடலுக்குப் பக்கத்தில், உப்புக் காற்றில் ஓடிக்கொண்டே உப்பை மாத்திரையாக விழுங்குகிற ஜனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உடுப்பைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அதை நிக்கர் என்று சொல்வதே மரியாதை. தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஆண்பிள்ளை மூடவேண்டியது மார்க்கத்தின் சட்டம். இங்கே பேரன் எடுத்த ஆட்கள்கூட முழங்காலையும் தாண்டிக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் அந்தக் கால்களைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே நேரத்தில் கேம்ப் பஸ் அந்த வழியாகப் போகும். சைட் வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவன் கண்ணைத் திறந்து இந்த ஓட்டத்தைப் பார்ப்பான். மறுபடி கண்ணை மூடிக்கொள்வான். அவனுக்கும் எனக்கும் ஒரே அபிப்பிராயம்தான்.

2

என் மகன் நவ்ஃபலுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. பேச்சிலும் பாதி இங்கிலீஷ், மீதியில் மலையாளம் கலந்திருக்கும். வகுப்பில் கூட்டாளிகள் எல்லாம் மலையாளிகள். "உம்மா, எனக்குக் கொஞ்சம் தண்ணி கிட்டுமா?" என்று கேட்பான். குர்ஆனை ஓதி முடித்தவன். நோன்பு விடமாட்டான், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு என்னோடு வருவான். சுபுஹு மட்டும் கிடையாது.

அந்த வைகறைத் தொழுகைக்கு அவனை எழுப்ப நானும் என் வீட்டுக்காரி ஜெய்னம்புவும் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான். கூப்பிட்டுப் பார்த்தோம், போர்வையை இழுத்தோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஏசியை நிறுத்தினால் வியர்த்து எழுந்துவிடுவான் என்று நிறுத்தினோம். எழுந்தான். ஏசியைப் போட்டுவிட்டுப் படுத்தான். "எழும்பிட்டேன் வாப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். அந்தக் குரலுக்கு அவன் உடம்போடு சம்பந்தமே இருக்காது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் கையேந்திக் கேட்டவற்றில் இதுவும் ஒன்று: யா அல்லாஹ், இந்தப் பிள்ளையைச் சுபுஹுக்கு எழுப்பிவிடு.

போன குளிர் தொடங்கிய சமயம். பாங்குக்கு முன்பே விழித்துப் படுத்திருந்தேன். வெளிக்கதவு மெதுவாகத் திறந்து மூடும் சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால் மகன் படுக்கையில் இல்லை. போர்வை மடித்து வைத்திருக்கிறது!

ஜெய்னம்பு வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பள்ளிக்குப் போயிருக்கான்ங்க."

மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான். எங்கள் கட்டடத்துக்குக் கீழேயிருக்கும் சின்னப் பள்ளிவாசலில் அவனைக் காணவில்லை. கார்னிஷிலிருக்கும் பெரிய பள்ளிக்குப் போகிறான் போலிருக்கிறது, அங்கே இமாம் ஓதும் கிராஅத் நன்றாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். பின்னால் போய்ப் பார்க்கவில்லை. நல்ல வழியில் கால் வைத்த பிள்ளையை வேவு பார்க்கலாமா? திரும்பி வரும்போது முகமெல்லாம் ஈரமாக இருந்தது. தொழுகைக்கு முகம் கழுவி ஒளுச் செய்த ஈரம் என்று நினைத்தேன்.

ஊரிலுள்ள என் லாத்தாவுக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள். தன் மகன்களை வரிசையாக எழுப்பி, "என் தம்பி காதர் மகனைப் பாருங்கடா, ஏசி நாட்டுல வளர்ற பிள்ளை!" என்று ஏசியது போனிலேயே கேட்டது. ஜெய்னம்பு தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் செய்தாள். இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "மகன் சுபுஹுக்குப் போறான்" என்றேன். இமாம் அவனுக்காகத் தனியாக துஆ செய்தார்.

பக்கத்துக் கடை செய்யது அஹமதுவும் தின்றான். அதிராம்பட்டினத்துக்காரன், செல்போன் கடை. நல்ல மனுசன், வாய்தான் அவனுக்கு நோய். இரண்டு துண்டு தின்றவன் மறு வாரம் என் கடைவாசலில் வந்து நின்றான்.

"காக்கா, உங்க மவன் சுபுஹுக்கு எந்தப் பள்ளிக்குப் போறான்?"

"பெரிய பள்ளிக்கு."

"அப்படியா. நான் காலையில ஏர்போர்ட்டு போய்ட்டு வந்தேன். அந்தப் பள்ளியைத் தாண்டிப் போறதைப் பார்த்தேன். நல்ல வேகம்."

"வேற யாராச்சும் இருக்கும்."

"உங்க மூக்கு காக்கா அவனுக்கு. எந்த இருட்டுலயும் அடையாளம் தெரியும்." கொஞ்சம் குனிந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்: "முழங்கால் தெரியிது காக்கா."

3

அன்று பள்ளிக்கூடம்விட்டு வந்தவனை உட்காரவைத்துக் கேட்டேன்.

"காலையில எங்க போறே?"

"ரன்னிங் வாப்பா."

"தொழுகை?"

"வந்து தொழலாம்னு... சில டைம் வந்து படுத்தா தூங்கிடுறேன்."

"பள்ளிக்குப் போறேன்னு நாங்க நினைச்சிட்டிருக்கோம்டா! ஊருக்கே சொல்லியாச்சு!"

"நான் அப்படிச் சொன்னேனா வாப்பா?"

அவன் சொல்லவில்லைதான். அந்த நியாயம் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இத்தனை வருசம் எழுப்பினேனே! அப்பல்லாம் எழும்பாத உடம்பு இப்ப மட்டும் யாரு எழுப்பி எழும்புது?"

"க்ரூப்ல எல்லாரும் வருவாங்க வாப்பா. வரலைன்னா கோச் கேட்பாரு."

"அல்லாஹ் கேட்கமாட்டான்னு நினைச்சியா?"

அதற்குள் ஜெய்னம்பு அடுக்களையிலிருந்து ஒரு துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதான் அந்த நிக்கரா? பாத்ரூம்ல காயுது, ஏதோ கிழிஞ்ச துணின்னு நினைச்சேனே! ரெண்டு நாளா இதை வச்சுல்லா அடுப்பைத் துடைச்சிட்டிருக்கேன்!"

"உம்மா! அது டிரை ஃபிட்!"

"என்ன ஃபிட்டோ. எண்ணெய்ப் பிசுக்கு நல்லாப் போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் ஏமாற்றியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். எழமுடியாது என்றல்லவா இத்தனை நாள் நம்பியிருந்தேன்? எழமுடியும். போர்வையை மடித்துவைத்துவிட்டுக்கூட எழமுடியும். படைத்தவன் கூப்பிட்டபோது எழாதவன், வாட்ஸ்அப்பில் எவனோ கூப்பிட்டால் எழுகிறான். இந்த ஊரில் பிள்ளைகள் கைவிட்டுப் போவது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குடித்தோ திருடியோ போவதில்லை. இப்படித்தான், நல்ல ஆரோக்கியமாக, வியர்த்து விறுவிறுத்துப் போகிறார்கள்.

4

நம்ம ஊரில் யாராவது ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? தெருவில் ஒரு பெரிய ஆள் ஓடினால் கதவுகள் திறக்கும். "யாருக்கு என்ன?" என்று கேட்பார்கள். பிரசவமாக இருக்கும், இல்லையென்றால் ஒரு சாவு, மௌத்தாக இருக்கும். ஓட்டம் என்றால் நமக்கு அதுதான். செய்தியைச் சொன்னதும் அவன் நின்றுவிடுவான். மறுநாளும் அதே தெருவில் ஓடினால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

நானும் ஓடியிருக்கிறேன், ஒரே ஒரு முறை. வாப்பா மௌத்தான செய்தி வந்தபோது அன்றைய கபீல் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்கவே பொழுது போய்விட்டது. கிடைத்தது கொழும்பு வழியாகத் திருவனந்தபுரம் போகும் டிக்கெட். கொழும்பில் இறங்கினால் அடுத்த விமானத்துக்குக் கதவு மூடப்போகிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழுவழுத் தரையில் ஓடினேன். பிடித்துவிட்டேன். அங்கிருந்து கார். ஊருக்குள் திரும்பும் முக்கில் ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தார்கள். வாப்பாவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வருகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். கைகொடுத்துவிட்டு நகர்ந்துபோனார்கள்.

காரணத்தோடு ஓடியவன் நான். எனக்கே போய்ச் சேர முடியவில்லை. காரணமில்லாமல் ஓடுகிறவர்கள் என் கண்முன்னே தினமும் போய்ச் சேர்கிறார்கள், சிரித்துக்கொண்டு சேர்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

5

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓட்டத்தை விடமாட்டேன் என்று மகன் அழிச்சாட்டியம் பண்ணவில்லை, அமைதியாகத் தொடர்ந்தான். அதுதான் மோசம். கறி ஆணத்தில் தேங்காய்ப்பால் வேண்டாம் என்றான். சோற்றை அளந்து போடச் சொன்னான். "நம்ம வீட்டுல சோத்தை அளந்து போட்டா பறக்கத்தும் விருத்தியும் போயிரும்டா" என்று ஜெய்னம்பு வாய்விட்டு அழுதாள். ஒரு நாள் மணலில் ஓட்டம், ஒரு நாள் மெதுவான ஓட்டமாம். மெதுவாக ஓடுவதற்குப் பெயர் நடப்பது என்று நான் சொன்னேன். ஒரு நாள் ஓய்வாம். ஓய்வு நாளில் சுபுஹுக்கு எழுந்தானா? அன்றைக்கு உடம்பு தேறவேண்டுமாம்.

மார்கழி மாதத்துக் குளிரில் ஒரு நாள் கடைவாசலில் ஹாரன் கேட்டது. தெரிந்த ஹாரன்தான். முரளி என்று கோயம்புத்தூர்க்காரர், ஏதோ கம்பெனியில் இஞ்சினியர். மகன் சொல்கிற கோச் இவர்தான். என் கடைக்கு எத்தனையோ வருட வாடிக்கை. அவர் முகத்தைக் கண்ணாடி இறங்குகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காரைவிட்டு இறங்கினார். ஏதோ பெரிய காரியம் என்று புரிந்துகொண்டேன்.

"பாய், உங்க பையனுக்கு அருமையான காலுங்க."

"கால் அல்லாஹ் கொடுத்தது. மூடவும் சொல்லித்தான் கொடுத்திருக்கான்."

சிரித்தார். நான் தமாஷ் பண்ணவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். அவர்கள் குழு கார்னிஷில் ஒரு பெரிய ஓட்டம் நடத்துகிறதாம். மகன் பெயர் கொடுத்திருக்கிறானாம். வயது குறைவு என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஓடும்போது விழுந்தாலோ, மயக்கம் போட்டாலோ, வேற எது ஆனாலும் நாங்க பொறுப்பில்லைங்கன்னு."

"வேற எதுன்னா? மௌத்தா?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க பாய்."

"மௌத் சும்மாவா?"

கையெழுத்து மட்டும் போதாதாம். என் அடையாள அட்டை நகல், மகனுடையது, நான்தான் வாப்பா என்பதற்கு அத்தாட்சி, எல்லாவற்றையும் டைப்பிங் சென்டரில் கொடுத்து அரபியில் அடித்து வாங்க வேண்டுமாம். இந்த நாட்டில் பிள்ளை பிறந்ததும் டைப்பிங் சென்டர். செத்தால் மையித்தை ஊருக்கு அனுப்பவும் டைப்பிங் சென்டர். இடையில் ஓடுவதற்கும் ஒரு வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நவ்ஃபல் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. எதையும் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்காத பிள்ளை. அவனுக்கு ஒரு ஆசை. ஏதோ ஒரு நேரத்துக்குள் ஓடி முடித்துவிட வேண்டுமாம். மாதக்கணக்கில் அதற்காகத்தான் பயிற்சி.

"ஓட்டம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டேன்.

"பாங்குக்கு முந்தி வாப்பா."

"எப்ப முடியும்?"

முடியும்போது சூரியன் வந்திருக்கும்.

தாளைக் கல்லாமேல் வைத்தேன். "சரி. கையெழுத்துப் போடுறேன். ஆனா அன்னைக்குச் சுபுஹு நேரம் தப்பிக் களாவாகக் கூடாது. பாங்கு சொன்ன பிறகு கடைக்கு எதிர இருக்கிற புல்தரையில நின்னு நீ தொழணும். தொழுதுட்டு எங்க வேணும்னாலும் ஓடு. இந்தத் திறந்த காலை வச்சிக்கிட்டு தொழுகைக்கு நிக்க முடியாது. நான் கைலியோட அங்க காத்திருப்பேன். சூரியன் வர்றதுக்குள்ள நீ வரலைன்னா அதோட உன் ஓட்டம் கலாஸ். அந்த ஷூவை நானே கடல்ல போடுவேன்."

முரளி பதறினார். "நடுவுல நின்னா உடம்பு ஆறிப்போயிருங்க பாய்! டைமிங் போயிரும். பையன் இத்தனை மாசமா..."

"நீங்க கார்லயே இருந்திருக்கலாம்" என்றேன்.

நவ்ஃபல் வந்து பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தான். "ஓகே வாப்பா. நிக்கிறேன்."

6

அந்த நாள் வந்தது. மகன் வீட்டிலேயே ஒளுச் செய்துகொண்டு இருட்டோடு போய்விட்டான். நான் வெள்ளைக் கைலியும் சட்டையுமாகக் கீழ்ப்பள்ளியில் ஜமாஅத்தோடு சுபுஹு தொழுதேன். அவனுக்காக ஒரு புதுக் கைலியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு எதிரே புல்தரையில் வந்து நின்றேன்.

சாலையைத் தடுப்பு போட்டு மூடியிருந்தார்கள். ஒரு கார் இல்லை. ஓடுகிறவர்களும் இல்லை. தூரத்தில் ஏதோ மைக் சத்தமும் டமடம என்று பாட்டும் கேட்டன. வருவார்கள், நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு ஆட்டு மந்தை மாதிரி வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் வரவில்லை. கட்டடங்களுக்குப் பின்னால் வானம் வெளுக்கத் தொடங்கியது.

தடுப்புக்குப் பக்கத்தில் பாகிஸ்தானி செக்யூரிட்டி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பாய், ஓடுறவங்க எங்கே?" என்று இந்தியில் கேட்டேன்.

"இதர் நஹீ ஆயேகா, சாச்சா. ரூட் சேஞ்ச் ஹோ கயா." சாலையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருப்பதால் போலீஸ் நேற்று மாலை வழியை மாற்றிவிட்டதாம். அதோ அந்த ரவுண்டானாவிலேயே திரும்பிவிடுகிறார்களாம்.

ரவுண்டானா கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நடந்தால் போய்ச் சேர்வதற்குள் சூரியன் வந்துவிடும். கார் எடுக்க வழியில்லை. இவர்களுடைய தடுப்புக்குள் என் காரும் மாட்டிக் கிடந்தது. மகன் கையில் போன் கிடையாது. அதன் கனம்கூட வேகத்தைக் குறைக்குமாம். இனி ரவுண்டானாவில் திரும்பி, வாக்கும் போய், சுபுஹும் போய், "வழி மாறிட்டுது வாப்பா" என்று வந்து நிற்பான். அந்த நியாயத்தையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கைலியை மடித்துக் கட்டினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

எனக்கு ஓடத் தெரியாது. வயிறு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். மூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. ரவுண்டானாவை நெருங்கும்போது ஓடுகிறவர்கள் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் வந்துவிட்டேன். "கமான் அங்கிள்! கமான்!" என்று கத்தினார்கள். ஒரு பெண்பிள்ளை தண்ணீர்க் கோப்பையை நீட்டியது. ஒருவன் கை தட்டினான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினேன். யா அல்லாஹ், இன்னும் கொஞ்ச நேரம் சூரியனைப் பிடித்துவை என்று மட்டும் கேட்டேன்.

ரவுண்டானாவில் எல்லோரும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் தடுப்புக்கு வெளியே மணலில் நின்றுகொண்டிருந்தான். ஷூவைக் கழற்றி ஒதுக்கி வைத்திருந்தான். உள்ளங்கைகளால் இரண்டு முழங்காலையும் மூடிக் குனிந்தபடி, நான் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். முரளி பக்கத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "போப்பா நவ்ஃபல்! எவ்வளவு நேரம்பா நிப்பே! நம்ம க்ரூப் எல்லாரும் போயிட்டாங்க!"

என்னைப் பார்த்ததும் நவ்ஃபல் கத்தினான்: "எங்க போனீங்க வாப்பா! சன் வந்துடும்! கைலி எங்கே?"

திட்டு வாங்கிக்கொண்டு கைலியை எறிந்தேன். பேச மூச்சில்லை. சட்டென்று சுற்றிக் கட்டினான். தொழும் திசையான கிப்லா இந்த ஊரில் கடல் பக்கம். கடலைப் பார்த்துத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினான்.

முதல் ரக்அத்தில் சின்ன சூராவாகத்தான் ஓதினான், சரி, போகட்டும். நாம் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள். இரண்டாவது ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்து கையை ஏந்திக் குனூத் என்ற துஆ ஓத வேண்டும். கொஞ்சம் நீளம். அவசரத்தில் அதை விட்டுவிடுவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விடவில்லை. பின்னால் கூட்டம் திமுதிமுவென்று போகிறது, பாட்டு அலறுகிறது, முரளி கடிகாரத்தை விட்டுவிட்டு இவனையே பார்க்கிறார். இவன் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தி உதட்டை அசைத்துக்கொண்டு நின்றான். பத்து வருடம் போர்வையை இழுத்தேனே, அப்போதெல்லாம் அவன் காதில் ஏதோ விழுந்துதான் இருந்திருக்கிறது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தான். கைலியை அவிழ்த்து என் தோளில் போட்டான். ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, "நீங்க நல்லா ஓடினீங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினான். அதற்குப் பிறகுதான் கட்டடத்தின் விளிம்பில் வெயில் பட்டது.

7

அவன் நினைத்த நேரத்துக்குள் முடிக்கவில்லை. நிறைய பிந்திவிட்டான். ஆனாலும் மெடல் கொடுத்தார்கள். பெருமையாக நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். கடைசியில் வந்தவனுக்கும் அதே மெடல். வெறும் தகரம். ஜெய்னம்பு அதை அடுக்களை ஆணியில் மாட்டி, அதற்குப் பக்கத்தில் டிரை ஃபிட்டை மாட்டியிருக்கிறாள்.

ஓட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. மாறாது. நவ்ஃபல் இன்னும் ஓடத்தான் செய்கிறான். இப்போது கைலியை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு பெரிய பள்ளிவரை ஓடி, தொழுதுவிட்டு, அங்கிருந்து மேலே ஓடுகிறான். சில நாள் தூங்கியும்விடுகிறான். துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். முரளி இன்னும் ஹாரன்தான் அடிக்கிறார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை நான் எழுதாமல் விட்டால், செய்யது ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடுவான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மகன் ஓடிப்போன பிறகு, ரவுண்டானாவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு தோளில் மகனுடைய கைலி, ஒரு கையில் செருப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மறித்து நிறுத்தியிருந்த கார்களில் ஒன்றிலிருந்து ஹாரன் கேட்டது. கண்ணாடி இறங்கியது. செய்யது அஹமது என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அதே துக்கம் விசாரிக்கிற குரல்.

"முழங்கால் தெரியிது காக்கா."